பழகிவிட்டது என்றால்?

அன்புள்ள சார்,

ஓராண்டாக அமெரிக்க நேரத்துக்கு வேலை. வாரநாட்களில் நாலு மணி நேரம் தூங்கினாலே அதிகம். முதல் மாதம் பஸ்ஸில் ஏறியதும் கண் செருகிவிடும். இப்போது பழகிவிட்டது. சனி, ஞாயிறு மதியம் வரை தூங்கிக் கணக்கைச் சரிக்கட்டிவிடுகிறேன். எலிகளை வைத்துச் செய்த ஆராய்ச்சியில் 'விட்ட தூக்கம் திரும்பக் கிடைக்காது' என்று தெரியவந்ததாம், நண்பன் பயமுறுத்துகிறான். நிஜமா?

எம்., சிறுசேரி

அன்புள்ள எம்.,

உங்கள் நண்பர் சொல்வது 2007இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஃப்ரெட் டியூரெக் குழு செய்த சோதனையாக இருக்கும். அதில் இருந்தது சுண்டெலி (mouse) அல்ல, அதற்கு அண்ணன் முறையான பெரிய எலி (rat). நம் பத்திரிகைகளில் இரண்டும் எலிதான்.

முதலில், ஒரே ஒரு நாள் தூக்கத்தைக் கெடுத்தால் என்ன ஆகும் என்ற கதை, சுண்டெலியை வைத்து. சுண்டெலி பெரும்பாலும் பகலில் தூங்கும். ஆய்வகத்தில் விளக்கு போட்டதும் ஆறு மணி நேரம் விழித்திருக்க வைப்பார்கள். கூண்டைத் தட்டுவது, படுக்கைப் பஞ்சைக் கலைப்பது, தூரிகையால் லேசாகத் தொடுவது, அவ்வளவுதான். ஆரம்பத்தில் எப்போதாவது தட்டினால் போதும். கடைசி மணி நேரத்தில் தூரிகையைக் கீழே வைக்க முடியாது. விட்டதும் அது தூங்கும் தூக்கத்தில் ஆழ்ந்த தூக்கத்தின் அடையாளமான மூளையின் மெதுவான அலைகள் ஓங்கி எழும். இழந்த நேரம் முழுவதையும் திரும்ப எடுத்துக்கொள்ளாது. ஆழத்தில் கொஞ்சம் ஈடுகட்டிக்கொள்ளும்.

டியூரெக் குழு பெரிய எலிகளின் தூக்கத்தைத் தொடர்ந்து பல நாள் கெடுத்துப் பார்த்தது. தினமும் 20 மணி நேரம் விழிப்பு, 4 மணி நேரம் தூக்கம், இப்படி ஐந்து நாள். முதல் நாள் ஆழ்ந்த தூக்கம் வந்தது. இரண்டாம் நாளிலிருந்து அந்த ஈடுகட்டலே காணோம். மொத்தம் சுமார் 35 மணி நேரத் தூக்கம் போயிருந்தது. அப்புறம் மூன்று நாள் இஷ்டத்துக்குத் தூங்க விட்டும், அதில் ஏறக்குறைய எதுவும் திரும்பவில்லை.

இதற்கு மறுப்பும் உண்டு. 2010இல் விஸ்கான்சினில் டொனோனி, சிரெல்லி குழு அதே ஐந்து நாள் கணக்கில் செய்து பார்த்து, ஈடுகட்டல் கெடவில்லை என்றது. விழித்திருந்த நேரத்திலேயே தூக்கத்தின் அலைகள் மூளைக்குள் புகுந்துகொண்டிருந்தன என்றும் காட்டினார்கள். எனக்கு இது ஆறுதலாகப் படவில்லை. கண் திறந்திருக்கும்போதே சில்லறை சில்லறையாகத் தூங்குவது என்றல்லவா ஆகிறது!

மனிதர்களை வைத்து 2003இல் பென்சில்வேனியாவில் பார்த்தார்கள். 14 நாள் நாலு மணி நேரம் மட்டும் தூங்கியவர்களின் கவனப் பிசகு நாளுக்கு நாள் ஏறி, இரண்டு இரவு கண்ணே மூடாதவர்களின் அளவுக்குப் போனது. ஆனால் தூக்கக் கலக்கம் எப்படி என்று கேட்டால், சில நாளுக்குப் பிறகு அவர்கள் பதில் பெரிதாக மாறவில்லை. உங்கள் 'பழகிவிட்டது' இந்த ரகமோ என்றுதான் எனக்குச் சந்தேகம்.

ஞாயிறு தூக்கத்தை விடச் சொல்லவில்லை, தூங்குங்கள். ஷிஃப்டை மாற்ற வழி உண்டா என்று மேலாளரிடம் கேளுங்கள். அதுவரை விடியற்காலையில் பைக்கில் வீடு திரும்ப வேண்டாம். கம்பெனி வண்டி இருந்தால் அதிலேயே வாருங்கள்.