1020-ஐப் பார்த்து மயங்காதீர்கள்

வணக்கம் ஐயா. தேசிய குடும்ப நல ஆய்வில் 1000 ஆண்களுக்கு 1020 பெண்கள் என்று வந்துவிட்டதே, கருவின் பாலினத்தைச் சொல்லக்கூடாது என்ற 1994-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் தேவையா? எங்கள் பகுதியில் போன வருடம் பிறந்த 42 குழந்தைகளில் 26 ஆண். ஏன் என்று கிராம சுகாதார செவிலியரிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். இரண்டும் பெண்ணாகப் பெற்றதற்கு என்னையும் வீட்டில் பேசுகிறார்கள்.
– மலர்விழி

அன்புள்ள மலர்விழி,

கடைசி வரிக்கு முதலில் பதில். தாயின் முட்டையில் எப்போதும் எக்ஸ் குரோமோசோம்தான். எக்ஸா ஒய்யா என்பது தகப்பனின் விந்தணுவில் இருக்கிறது. பேசுகிற வாய் இதனால் அடங்கிவிடாது. ஆனாலும் நீங்கள் மனதுக்குள் குற்றவாளியாக உட்கார்ந்திருக்காதீர்கள், அம்மா.

சட்டம் தேவை. அதில் விவாதமே வேண்டாம்.

என்னை எழுதவைத்தது அந்த 1020. படித்தவர்களே இதில் ஏமாறுகிறார்கள், நீங்களும் ஏமாந்திருக்கிறீர்கள். அது பிறக்கும் குழந்தைகளின் ஆண்-பெண் விகிதமே அல்ல. 2019-21 ஆய்வில், முந்தைய இரவு வீட்டில் தங்கிய எல்லா வயதினரையும் எண்ணி வந்த எண். பாட்டிகள் தாத்தாக்களைவிட அதிக காலம் வாழ்கிறார்கள். வெளியூரில் வேலை பார்த்து அங்கேயே படுத்துக்கொள்ளும் ஆண்கள் அந்த வீட்டுக் கணக்கில் வரமாட்டார்கள். பிறகு ஏன் 1020 வராது? அதே ஆய்வில், முந்தைய ஐந்து ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளுக்கான எண் 929. செய்தியில் பெரிதாக வந்திருக்க வேண்டியது அதுதான்.

சரி, 929-ஐ எதோடு ஒப்பிடுவது? உடனே 1000 என்பார்கள். இங்கேதான் எனக்குப் பொறுமை போகிறது. யாரும் தலையிடாத இடத்திலும் ஆண் குழந்தைகள்தான் சற்று அதிகம் பிறக்கின்றன: 100 பெண்ணுக்குச் சுமார் 105 ஆண். லண்டன் பதிவேடுகளில் 82 ஆண்டுகளும் ஆண் ஞானஸ்நானங்களே அதிகம் என்று 1710-லேயே ஜான் ஆர்பத்நாட் என்ற மருத்துவர் காட்டிவிட்டார். மற்ற நாடுகள் 100 பெண்ணுக்கு எத்தனை ஆண் என்று எண்ணும்போது, நாம் 1000 ஆணுக்கு எத்தனை பெண் என்று எண்ணுகிறோம். 105-ஐ நம் கணக்குக்குத் திருப்ப, 1,00,000-ஐ 105-ஆல் வகுங்கள்: 952. இதுதான் நம் அளவுகோல். 929-ஐத் திருப்பினால் 100 பெண்ணுக்கு 107.6 ஆண். ஆக, 952-இலிருந்து பார்த்தால் குறைவது 71 அல்ல, 23. சின்ன எண்ணாகத் தோன்றும். ஆயிரம் ஆண் பிறப்புக்கு 23 பெண் குழந்தைகள் பிறக்காமலே போனார்கள் என்று வாசித்துப் பாருங்கள். பல லட்சம் பிறப்புள்ள ஒரு மாநிலம் 1000 என்று காட்டினால் பாராட்ட வேண்டாம். பதிவில் ஆண் பிறப்புகள் விடுபட்டனவா என்று பாருங்கள்.

இனி உங்கள் 42. மொத்தப் பிறப்பை 0.512-ஆல் (205 பிறப்பில் 105 ஆண் என்ற பங்கு) பெருக்குங்கள்: 21.5. இது எதிர்பார்க்கும் ஆண் எண்ணிக்கை. மொத்தத்தின் வர்க்கமூலம் 6.5. இருபுறமும் அவ்வளவு ஊசலாடுவது வெறும் தற்செயல். அதாவது 15 முதல் 28 வரை எது வந்தாலும் யாரையும் கேள்வி கேட்க முடியாது. 26-க்காக அந்தச் செவிலியரை நிறுத்திவைத்துக் கேட்டது அநியாயம். 1000 பிறப்பு இருந்தால்கூட விகிதம் 840 முதல் 1080 வரை சும்மாவே அலையும். 929-ஐயும் 952-ஐயும் நம்பிக்கையோடு பிரித்தறிய 27,000 பிறப்புகளாவது வேண்டும். ஊர்வாரியாக ஆண்டுதோறும் தரவரிசை போடுவதை நிறுத்தச் சொல்லி எத்தனை தடவை எழுதுவது?

சந்தேகம் இருந்தால் பார்க்க வேண்டிய இடம் வேறு. பல ஆண்டுப் பதிவுகளைச் சேர்த்து, பிறப்பு வரிசைப்படி பிரியுங்கள். முதல் குழந்தைகளில் விகிதம் 952-ஐ ஒட்டியே இருக்கும். முதலாவது பெண்ணாகப் பிறந்த குடும்பங்களின் இரண்டாவது பிறப்பைத் தனியாக எடுங்கள். முதலிரண்டும் பெண்ணானால் மூன்றாவதை. தலையீடு இல்லையென்றால் அங்கும் ஏறக்குறைய அதே எண் வரும். ஸ்கேன் செய்து கலைப்பது நடந்திருந்தால், ஆண்கள் பக்கம் சாய்வு அந்த வரிசையில்தான் தெரியும். செவிலியருக்கு இதை எழுதிக் கொடுங்கள். அடுத்த முறை விளக்கம் கேட்டு வருகிறவர்களிடம் அவர் பிறப்பு வரிசைக் கணக்கைக் கேட்கட்டும்.