சோலார் குக்கரில் பருப்பு வேகவில்லையா? பாத்திரத்தையும் திசையையும் பாருங்கள்

மதுரை மொட்டைமாடியில், மே மாத வெயிலில், பெட்டி வகை சோலார் குக்கரில் (மேலே இரட்டைக் கண்ணாடி, மூடியில் வெயிலைத் திருப்பும் ஆடி உள்ள பெட்டி) எவர்சில்வர் பாத்திரத்தில் மூன்று மணி நேரம் வைத்தும் துவரம்பருப்பு வேகவில்லை, கண்ணாடியில் ஆவி வடிகிறது என்கிறீர்கள். வெளியே 40 டிகிரி என்பதை விடுங்கள். பெட்டிக்கு வேண்டியது நேர் வெயில், அனல்காற்று அல்ல.

எனக்கு முதல் சந்தேகம் அந்தப் பளபள எவர்சில்வர் பாத்திரத்தின் மேல்தான். விழுகிற வெயிலில் பாதிக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். மெல்லிய, அகலமான அலுமினியப் பாத்திரம் எடுங்கள். வெளிப்பக்கத்துக்கும் மூடியின் மேற்புறத்துக்கும் மட்டும் சூடு தாங்கும் மேட் (பளபளப்பில்லாத) கறுப்பு பெயிண்ட் அடியுங்கள். உள்ளே துளியும் படக்கூடாது. காய்ந்ததும் ஒரு பகல் முழுக்க வெறும் பாத்திரத்தைப் பெட்டியில் வைத்து வாடையைப் போக்குங்கள்.

ஆவி வடிந்தால் பாத்திர மூடி சரியாக உட்காரவில்லை. இரண்டு கண்ணாடிக்கும் நடுவே ஈரம் இருந்தால் சீல் போய்விட்டது, மாற்றியே ஆக வேண்டும்.

கையேட்டில் உள்ளபடி தெற்கே பார்த்து வைத்திருக்கிறீர்கள். மே மாத உச்சிவேளையில் அங்கே சூரியன் தலைக்கு மேல் சற்று வடக்கே நிற்கும்! காலையில் கிழக்கு, பன்னிரண்டு மணி வாக்கில் வடக்கு, ஒரு மணிக்கு மேல் மேற்கு என்று திருப்புங்கள். பிரதிபலிக்கும் வெளிச்சம் முழுதும் மேல்கண்ணாடியில் விழும்படி ஆடியைச் சாய்த்து வையுங்கள்.

காலிப் பெட்டியை 9.30க்கே வெயிலில் வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் ஊறிய ஒரு கப் பருப்பை இரண்டு கப் தண்ணீரோடு 10.30க்கு உள்ளே வையுங்கள். புளியைப் பருப்பு வெந்தபிறகே சேர்த்துக்கொள்ளுங்கள், முன்பே போட்டால் பருப்பு விறைக்கும். நடுவில் திறந்து பார்க்காதீர்கள். மேகம் மூடினால் அரைவேக்காட்டில் உள்ளேயே விடாமல் உடனே கேஸ் அடுப்புக்கு மாற்றுங்கள், வெதுவெதுப்பில் கெட்டுவிடும்.