மட்டக்களப்பில் வயரிங் படித்தவர் டெக்சாஸில் மின்பணியாளர் உரிமம் பெற என்ன வேண்டும்?

களுவாஞ்சிக்குடியில் ஒரு வயரிங் பாஸிடம் சில வருடங்கள் வேலை செய்ததாகவும், என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) நான்காம் மட்டச் சான்றிதழ் கையில் இருப்பதாகவும், குடும்ப விசாவில் டெக்சாஸ் போகவிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். போனவுடன் எலக்ட்ரீசியனாக வேலை செய்யலாமா, பிறகு சொந்தமாகக் கொந்தராத்து எடுக்கலாமா என்பதுதான் உங்கள் கேள்வி. நான் இங்கே வயரிங் கற்பிப்பவன். வெளிநாடு போன மாணவர்களுக்கு அனுபவக் கடிதங்கள் எழுதிக் கொடுத்து வருவதால் இந்த விடயத்தை அக்கறையோடு கவனித்து வருகிறேன். போனவுடன் பயிலுநர் உரிமம் எடுத்துக்கொண்டு பயிலுநராக வேலை தொடங்கலாம். முழு உரிமம் பெற்ற மின்பணியாளராக உடனே ஆக முடியாது.

இங்கே வாங்கிய என்.வி.கியூ. பொத்துவிலிலும் செல்லும், பருத்தித்துறையிலும் செல்லும். அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான மின்பணியாளர் உரிமம் என்று ஒன்று கிடையாது. அது மாநிலத்தின் அதிகாரம். டெக்சாஸில் அந்த மாநிலத்தின் உரிமம் மற்றும் ஒழுங்குபடுத்தல் திணைக்களம் 2004 முதல் மாநிலம் முழுவதற்குமான உரிமத்தை வழங்கி வருகிறது. நியூயோர்க், இலினோய், பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் மின்பணியாளருக்கு மாநில உரிமமே இல்லை, நகரமோ உள்ளூராட்சியோதான் அதைக் கொடுக்கும். நியூயோர்க் நகரில் மாஸ்டர், அதாவது மேல்நிலை மின்பணியாளர், உரிமத்துக்கு ஏழரை வருட அனுபவம் கேட்கிறார்கள். சில மாநிலங்கள் தமக்குள் உடன்பாடு செய்து ஒன்றின் உரிமத்தை மற்றொன்று ஏற்றுக்கொள்வது உண்டு என்றாலும், எல்லா மாநிலங்களுக்கும் அது பொருந்தாது. ஆகவே எந்த மாநிலத்தில் நிலையாகக் குடியிருக்கப் போகிறீர்கள் என்பதை உறவினர்களோடு பேசி முதலில் முடிவு செய்யுங்கள்.

டெக்சாஸில் பயிலுநராகச் சேர்ந்து, மாஸ்டர் உரிமம் உள்ள ஒருவரின் மேற்பார்வையில் 8000 மணி நேரம் வேலை செய்து, தேர்விலும் சித்தியடைந்தால் ஜேர்னிமேன், அதாவது தேர்ந்த பணியாளர், உரிமம் கிடைக்கும். வாரத்துக்கு நாற்பது மணி நேரம் என்று பார்த்தால் அது ஏறத்தாழ நான்கு வருட உழைப்பு. அந்த உரிமத்தை இரண்டு வருடம் வைத்திருந்து, மொத்தம் 12,000 மணி நேரத்தையும் காட்டினால் மாஸ்டர் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். நேரக்கணக்கை வாய்மொழியாகச் சொன்னால் ஏற்கமாட்டார்கள். மேற்பார்வை செய்தவர் தம் கையொப்பத்தோடு படிவத்தில் உறுதிப்படுத்த வேண்டும்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் இடறுவது இந்த இடத்தில்தான். சுனாமிக்குப் பிறகு திருக்கோவில் முதல் வாகரை வரை வீட்டுத்திட்டங்கள் எழும்பிய காலத்தில் வயரிங் பழகியவர்களில் எத்தனையோ பேர் நல்ல கைகாரர்கள், ஆனால் எந்த வேலையை எப்போது செய்தார்கள் என்பதற்கு அவர்களிடம் ஒரு துண்டுத்தாள்கூட இல்லை. நாட்கூலியாகக் காசு கைக்கு வந்தது, வேலை முடிந்தது, அவ்வளவுதான். நீங்கள் புறப்படும் முன் உங்கள் பாஸிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள். எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வீட்டு வயரிங்கா, மூன்று பேஸ் வேலையா, மோட்டர் இணைப்பா என்று அதில் பிரித்து எழுதியிருக்க வேண்டும். அவருடைய தகைமையும், நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையில் அவர் பதிவு செய்தவரென்றால் அந்தப் பதிவிலக்கமும் இருக்க வேண்டும். அங்குள்ள அலுவலகம் அதில் எவ்வளவை எண்ணிக்கொண்டாலும், வேலைக்கு எடுக்கும் முதலாளி முதலில் கேட்பது அந்தக் கடிதத்தைத்தான். சான்றிதழே இல்லாத நண்பர்களுக்கும் ஒன்று சொல்லுங்கள்: முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில், படிப்பில் சேராமலே செய்முறை மதிப்பீட்டுக்குத் தோற்றி என்.வி.கியூ. பெறலாம்.

டெக்சாஸ் உரிமத் தேர்வு, அமெரிக்காவின் தேசிய மின் விதிக்கோவையை (NEC) அடிப்படையாகக் கொண்டது. அந்த நூல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது. நூலைப் பார்த்து எழுத விடுவார்கள் என்பதால் எளிது என்று நினைக்க வேண்டாம்; குறித்த நேரத்துக்குள் சரியான பிரிவைத் தேடிப் பிடிக்கும் பழக்கம் இல்லாதவர்கள் தடுமாறிப் போவார்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து நம் கைப்பழக்கத்தில் இருக்கிறது. நம் பழைய வீடுகளில் சிவப்பு லைன், கறுப்பு நியூட்ரல். புதிய வயரிங்கில் மண்ணிறம் லைன், நீலம் நியூட்ரல். அமெரிக்காவில் கறுப்பு வயரில்தான் மின்சாரம் வரும், நியூட்ரல் வெள்ளை, ஏர்த் பச்சை அல்லது உறையில்லாத வெறும் செம்புக் கம்பி. இருபது வருடமாகக் கறுப்பை நியூட்ரல் என்று தொட்டுப் பழகிய கை அங்கே என்ன செய்யும் என்பதை எண்ணித்தான் என் வகுப்பில் நிறத்தை நம்பாதே, டெஸ்டரை வை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வயரின் அளவும் மாறும்: இங்கே புளக் பொயிண்டுக்கு 7/0.67, அதாவது 2.5 சதுர மில்லிமீற்றர் இழுக்கிறோம். அங்கே கேஜ் கணக்கு, எண் கூடக் கூட வயர் மெலியும், 20 அம்பியர் சுற்றுக்கு 12 கேஜ், 15 அம்பியருக்கு 14. நம் ட்ரிப் சுவிட்ச் பெரும்பாலும் 30 மில்லி அம்பியர் கசிவுக்கு விழும். அங்கே சமையலறை, குளியலறை சொக்கெட்டுகளுக்கான பாதுகாப்புச் சாதனம் ஏறத்தாழ 5 மில்லி அம்பியரிலேயே விழுந்துவிடும்.

கொந்தராத்துக்குத் தனி உரிமம். டெக்சாஸில் நீங்களே மாஸ்டராக இருக்க வேண்டும், அல்லது ஒரு மாஸ்டரை வேலைக்கு வைத்திருக்க வேண்டும். ஒரு சம்பவத்துக்குக் குறைந்தது 3 லட்சம் டொலர் பொறுப்புக் காப்புறுதியும் காட்ட வேண்டும். கலிபோர்னியாவில் இதற்கு சி-10 என்று பெயர். கடைசிப் பத்து வருடத்துக்குள் தேர்ந்த பணியாளராக நான்கு வருட அனுபவமும் 25,000 டொலர் பிணைமுறியும் கேட்கிறார்கள். இங்கே இரண்டு மூன்று வீடுகளுக்கு வயரிங் செய்ததும் நாமே கொந்தராத்துக்காரர் ஆகிவிடுவது போல் அங்கே நடக்காது. அந்தக் கண்டிப்பு நியாயமானது என்பதே என் கருத்து. கூரைக்கு மேலும் சுவருக்குள்ளும் மறைந்துவிடும் வேலைக்கு யாராவது ஒருவர் பெயரோடு பொறுப்பேற்கத்தான் வேண்டும்.

பயிலுநர் உரிமத்துக்குத் தேர்வு இல்லை, 16 வயது நிறைந்திருந்தால் போதும். ஆனால் அது இல்லாமல் மின்வேலையில் கை வைப்பது டெக்சாஸில் சட்டவிரோதம். தெரிந்தவர் ஒருவர் கைக்காசுக்கு உதவிக்குக் கூப்பிட்டாலும், அந்த உரிம அட்டை வந்த பிறகே போங்கள்.