அம்மோனியா கசிந்தால் தண்ணீர் அடிக்கலாமா?

கேள்வி: எங்கள் ஐஸ் கம்பெனியில் குளிரூட்டப் பயன்படும் அம்மோனியா கசிந்தால் உடனே தண்ணீரைப் பீய்ச்சி அடிக்க வேண்டும் என்கிறார்கள். இது சரியா?

பதில்: பாதிதான் சரி. அம்மோனியா நீரில் எளிதில் கரையும் என்பதால், காற்றில் பரவும் ஆவியின் மீது நீரைத் தூவலாகத் தெளித்தால் பரவல் குறையும்; ஆனால், மைனஸ் 33 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும் திரவ அம்மோனியா தரையில் தேங்கியிருக்கும்போது அதன் மேல் நீரை ஊற்றினால், நீரின் வெப்பமே அதைக் கொதிக்கச் செய்து ஆவியைப் பெருக்கிவிடும். காற்றைவிட லேசான வாயுதானே, மேலே போய்விடும் என்று நிற்பதும் ஆபத்தானது. குளிர்ந்த நிலையில் அது ஈரக்காற்றோடு சேர்ந்து வெண்புகையாகத் தரையை ஒட்டியே நகரும். 2023 டிசம்பரில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து கசிந்தபோது, நள்ளிரவில் மக்கள் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. வால்வை மூடுவது, சுவாசக் கருவி அணிந்த, பயிற்சி பெற்றவரின் வேலை. மற்றவர்கள் காற்றின் திசைக்குக் குறுக்காக விலகிச் செல்ல வேண்டும். அதற்குக் காற்றுத்திசை காட்டி கூரையில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.