5,000 ரூபாய்க்குள் கேம் ஸ்ட்ரீமிங்குக்கும் வாய்ஸ் சாட்டுக்கும் எந்த மைக் வாங்கலாம்? கன்டென்சர் சரியாக இருக்குமா?

விசைத்தறி ஊரான பல்லடத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள் என்பதால், உங்கள் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் தறி ஓடுகிறது என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். அப்படியானால் மெல்லிய ஓசையையும் எடுத்துவிடும் கன்டென்சர் வகை வேண்டாம். அந்த அளவு நுண்ணுணர்வு இல்லாத டைனமிக் வகையில், யூஎஸ்பியில் செருகக்கூடிய மைக் ஒன்றை வாங்குங்கள். இதை நான் பணத்தைக் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

சோமனூரில் எங்கள் வீட்டுப் பின்சுவரும் தறிக்குடோனின் சுவரும் ஒன்றேதான். அப்பா கூலிக்கு நெய்யும் ஆறு தறிகள் இரவு பத்து மணி வரை ஓடும். ஒரு தறியில் நிமிடத்துக்கு நூறு முறைக்கு மேல் நாடா அடிபட்டு ஓடும். பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்ததால் எனக்கு அது தனியாக உறைப்பதில்லை. காணொளி விமர்சனங்கள் எல்லாம் புகழ்ந்த ஒரு கன்டென்சர் மைக்கைக் கோவையில் வாங்கி வந்து, அதனுடன் வந்த முக்காலியிலேயே மேசைமேல் இரண்டடி தள்ளி வைத்தேன். அன்றிரவு வேலரன்ட் என்ற துப்பாக்கிச் சண்டை கேம் ஆடும்போது, கோபியிலிருந்து ஆடும் தம்பி ஒருவன் மூன்றாவது சுற்றிலேயே, "அண்ணா, கோவிச்சுக்காதீங்க, மைக்கை ஆஃப் பண்ணீருங்க. ஆளு வர்ற சத்தமே கேக்க மாட்டீங்குதுங்க" என்றான். காலடி ஓசையைக் கேட்டுத்தான் எதிராளி எங்கிருக்கிறான் என்று கணிக்க வேண்டிய ஆட்டத்தில், என் மைக் வழியாக என் அணியின் மற்ற நான்கு பேர் காதிலும் தறி அடித்துக்கொண்டிருந்தது. தறியை நிறுத்தச் சொல்லவும் எனக்கு மனம் வராது. அந்த மைக் வாங்கிய பணமே அந்தத் தறியில் வந்ததுதான்.

ஸ்ட்ரீமிங் செய்யும் மென்பொருளான ஓபிஎஸ்ஸில் உள்ள இரைச்சல் வடிகட்டிகளை எல்லாம் போட்டுப் பார்த்தேன். மின்விசிறி போல ஒரே சீராக வரும் இரைச்சலை அவை நன்றாகவே நீக்குகின்றன. தறியைப் போல வெட்டி வெட்டி அடிக்கும் ஓசையில் தடுமாறுகின்றன, கூடவே என் குரலும் தகர டப்பாவுக்குள் பேசுவதுபோல ஆயிற்று. அதிலுள்ள நாய்ஸ் கேட் என்ற வடிகட்டி நான் பேசாதபோது மட்டுமே மைக்கை மூடும். பேச வாயைத் திறந்தால் குரலோடு தறியும் சேர்ந்தே உள்ளே வரும். திருப்பிக் கொடுக்கப் போனால், பெட்டியைப் பிரித்துவிட்டால் எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றார்கள். அது அவர்கள் விதி, அதில் குறையில்லை. ஆனால் அதே ஊரில் கிணற்றின் ஆழத்தையும் குழாயின் அளவையும் கேட்காமல் யாரும் மோட்டார் விற்பதில்லை. மைக் விற்றவர் நான் எந்த அறையில் உட்கார்ந்து பேசப்போகிறேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

கன்டென்சரையும் வாயருகே வைத்தால் அதே பலன் கிடைக்குமே என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் உண்மைதான், நான் மறுக்கவில்லை. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடுகிறது. இரண்டடியிலிருந்து மூன்று அங்குலத்துக்கு வந்தால் 18 டெசிபல். தறியின் ஓசையோ அப்படியே இருக்கும். ஆனால் வாயை ஒட்டி வைத்துப் பேசுவதற்கென்றே பெரும்பாலான டைனமிக் மைக்குகள் செய்யப்படுகின்றன. மேசையில் நிறுத்துவதற்கென்று வரும் கன்டென்சரில் அப்படிப் பேசினால் 'ப', 'பு' எல்லாம் காற்றாக வெடிக்கும், கீபோர்டின் தட்டலும் தூக்கலாக விழும்.

அடுத்ததாக, முன்புறத்து ஓசையையே முக்கியமாக எடுக்கும் கார்டியாய்டு வகை மைக்கின் முதுகுப்புறம்தான் ஓசையை மிகக் குறைவாக எடுக்கும். நான் தறிச்சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததால் மைக்கின் முகம் நேராகத் தறியைப் பார்த்துக்கொண்டிருந்தது. மேசையைத் திருப்பிப் போட்டு, நான் தறிச்சுவரைப் பார்த்து உட்கார்ந்ததும் மைக்கின் முதுகு அந்தப் பக்கம் போயிற்று; பாதித் தொல்லை அதிலேயே தீர்ந்தது. எனக்குப் பின்னால் இருந்த வெறும் சுவரில் பவானி ஜமக்காளம் இரண்டைச் சுவரிலிருந்து நான்கு விரல் இடைவெளி விட்டுத் தொங்கவிட்டேன். அது தறியோசையைத் தடுக்காது. அறைக்குள் குரல் எதிரொலிப்பதைத்தான் குறைக்கும்.

இப்போது என்னிடம் இருப்பது சாம்சன் க்யூ2யூ என்ற டைனமிக் மைக். கணினியில் நேராகச் செருகும் யூஎஸ்பி, ஒலிக்கருவிகளில் செருகும் எக்ஸ்எல்ஆர் இரண்டும் அதில் உண்டு. விலை ஏறி இறங்குவதால் உங்கள் பணத்துக்குள் அடங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடங்காவிட்டால் வாயருகே குச்சி மைக் உள்ள, கம்பி வைத்த ஹெட்செட்டே போதும். புளூடூத் ஹெட்செட் வேண்டாம். அதில் மைக் வேலை செய்யத் தொடங்கியதும் பெரும்பாலும் கேட்கும் ஒலியின் தரமும் சேர்ந்து இறங்கிவிடும். ஷ்யூர் எஸ்எம்7பி என்ற டைனமிக் மைக் பற்றி யாராவது சொன்னால், அதற்கு 60 டெசிபல் அளவுக்குப் பெருக்கித் தரும் கருவியும் தனியாக வாங்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

வாங்கும் முன், வழக்கமாக ஆடும் நேரத்தில், ஆடும் நாற்காலியிலேயே உட்கார்ந்து கைப்பேசியில் ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். முதலில் கைப்பேசியை மேசையில் வைத்து, பிறகு வாயருகே பிடித்து. இரண்டையும் இயர்போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள்.