தைக் குளிரில் தக்காளி, மிளகாய் நாற்று முளைக்காமல் நிற்பது ஏன்?

கேள்வி: தேன்கனிக்கோட்டை பக்கம் அரை ஏக்கரில் தக்காளியும் கொஞ்சம் மிளகாயும் மாசியில் நடலாம் என்று இருக்கிறேன். பனி அதிகமாக இருந்ததால் 98 குழி உள்ள நாற்றுத் தட்டுகளில் விதைத்து வீட்டுக்குள்ளேயே ஜன்னல் ஓரமாகச் சிமெண்ட் தரையில் வைத்தேன். பன்னிரண்டு நாள் ஆகியும் தக்காளி பாதிதான் முளைத்திருக்கிறது, அதுவும் வெளிறிப்போய் நூல் மாதிரி நீண்டு சாய்கிறது. மிளகாய் ஒன்றுகூட வரவில்லை. விதை போலியா? பல்பு போட்டுச் சூடு காட்டலாமா?

பதில்: வணக்கம் அண்ணா. விதைக் கடைக்குப் போய்க் கேட்பதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். பாக்கெட்டில் மீதி இருக்கும் விதையில் தக்காளி 25, மிளகாய் 25 எண்ணி எடுத்து, ஈரத்துணியில் தனித்தனியாகச் சுருட்டி, ஒரு டப்பாவில் போட்டு அடுப்படியில் கதகதப்பான மூலையில் வையுங்கள். துணி காயாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தக்காளி ஒரு வாரத்தில் தெரிந்துவிடும், மிளகாய்க்குப் பத்துப் பன்னிரண்டு நாள் கொடுங்கள். சான்று விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் தக்காளியில் 70 சதவீதம், மிளகாயில் 60 சதவீதம். அப்படியென்றால் 25-க்குத் தக்காளி 17, 18-ம் மிளகாய் 15-ம் முளைத்துவிட்டால் விதை மேல் குறை இல்லை. ரொம்பவும் குறைந்தால் பாக்கெட், ரசீது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு விதை ஆய்வாளரைப் பாருங்கள். காலி பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், விதை எந்தத் தொகுப்பில் வந்தது என்று காட்டும் குவியல் எண் அதில்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் எனக்கு விதை மேல் சந்தேகம் வரவில்லை, குளிர் மேல்தான் வருகிறது.

தக்காளி விதை 25 டிகிரி சூட்டில் ஆறு நாளில் முளைக்கும். 20 டிகிரியில் எட்டு நாள், 15 டிகிரிக்கு இறங்கினால் இரண்டு வாரம். மிளகாய்க்குக் குளிர் இன்னும் ஆகாது, 25 டிகிரியில் எட்டு நாளில் வருகிற விதை 15 டிகிரியில் மூன்று வாரம் தாண்டியும் கிடக்கும். இங்கே சூடு என்று சொல்வது தட்டில் மண்ணுக்குப் பதிலாக நிரப்பும் தென்னை நார்க்கழிவின் சூடு, விதை அதில்தானே கிடக்கிறது. ஈரமான நார்க்கழிவு எப்போதும் சுற்றியுள்ள காற்றைவிடக் கொஞ்சம் குளிர்ந்தே இருக்கும், அதைக் கொண்டுபோய்ச் சிமெண்ட் தரையில் வைத்தால் ராத்திரி முழுக்கத் தரையின் குளிர் அடியிலிருந்து ஏறும். உங்கள் பக்கமும் தளிப் பக்கமும் தை மாதத்தில் ராத்திரி 15 டிகிரிக்குக் கீழே போவது உண்டு. ஆகப் பன்னிரண்டு நாளில் பாதித் தக்காளி முளைத்து மிளகாய் அப்படியே கிடப்பது, இந்தக் குளிருக்கு நடக்க வேண்டியதுதான் நடந்திருக்கிறது.

முளைக்கும்வரை விதைக்கு வேண்டியது சூடு, வெளிச்சம் தேவையில்லை. முளைத்த நிமிஷத்திலிருந்து நாற்றுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு கொஞ்சம் குறைந்தாலும் தாங்கிக்கொள்ளும். வீட்டுக்குள்ளேயே தட்டைக் கடைசிவரை வைத்ததில் இரண்டுமே கிடைக்காமல் போய்விட்டது.

அடுத்த முறை விதைக்கும்போது நார்க்கழிவை வெதுவெதுப்பான தண்ணீரில் நனையுங்கள். கையில் பிடித்து அழுத்தினால் இரண்டு சொட்டு வர வேண்டும், ஒழுகக் கூடாது. மக்கிய, உப்புக் கழுவிய நார்க்கழிவாகப் பார்த்து வாங்குங்கள், உப்பு நின்றால் வேர் கருகும். விதை அரை சென்டிமீட்டர் ஆழம் போதும். விதைத்த தட்டுகளைப் பத்துப் பத்தாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, முழுவதையும் பாலிதீன் தாளால் சுற்றி, பலகை அல்லது வைக்கோல் மேல் வையுங்கள், ராத்திரியில் மேலே இரண்டு சாக்குப் போர்த்துங்கள். மாட்டுக் கொட்டகையில் மாடு கட்டும் இடத்தை ஒட்டி ஒரு மூலை இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது, மாட்டின் உடல் சூட்டிலேயே ராத்திரி கதகதப்பாக இருக்கும். எலியை மட்டும் பாருங்கள், ஹைபிரிட் விதையை ஒரே ராத்திரியில் பொறுக்கித் தின்றுவிடும். பகலில் சூடு ஏறட்டும் என்று பாலிதீன் சுற்றிய அடுக்கை நேர் வெயிலில் வைத்துவிடாதீர்கள், உள்ளே விதை வெந்துவிடும். நான்காம் நாளிலிருந்து காலையும் மாலையும் பிரித்துப் பார்த்து, அங்கொன்றும் இங்கொன்றுமாக முளை வளைந்து எழுவது தெரிந்ததுமே அன்றைக்கே தட்டுகளைப் பிரித்து வெளியே கொண்டுபோய்விட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் ஒரே நாளில் நாற்று நீண்டுவிடும், பிறகு அதைக் குட்டையாக்க வழியில்லை.

வெளியே என்றால் 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே. சுற்றிலும் நுண்வலை, 40 மெஷ்ஷாவது (அங்குலத்துக்கு 40 கண்) இருக்கட்டும். இதற்கு நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் வெள்ளை ஈ. மாசி பிறந்து வெயில் ஏற ஏற அது பெருகும், இலைச்சுருட்டு நச்சுயிரியை நாற்றங்காலிலேயே ஏற்றிவிட்டால் வயலில் என்ன மருந்து அடித்தும் அந்தச் செடி தேறாது. பழைய தக்காளிக் கொல்லை பக்கத்தில் இருந்தால் அங்கே தட்டு வைக்கவே வேண்டாம். மூங்கில் வளைத்து மேலே வலை போட்டு ஓரத்தில் மண் அணைத்தால் 30 தட்டுக்குப் போதுமான கூடாரம் ஆகிவிடும். அதிகப் பனி இருக்கும் ராத்திரிகளில் வலைக்கு மேலே தார்ப்பாய் போட்டு, காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள்.

தண்ணீரைக் காலையில் பனி விலகிய பிறகு, போர்வெல்லிலிருந்து அப்போது எடுத்ததாக ஊற்றுங்கள். ராத்திரி தொட்டியில் நின்ற தண்ணீர் சில்லென்று இருக்கும். சாயங்காலம் ஊற்றி இலையும் நார்க்கழிவும் நனைந்தபடி குளிர் ராத்திரிக்குள் போனால் நாற்றழுகல் வராமல் இருப்பது கஷ்டம்.

இப்போது முளைத்திருக்கும் தக்காளியை என்ன செய்வது? அடித்தண்டைப் பாருங்கள். மண் மட்டத்தில் பழுப்பாகி, நீர் கோத்த மாதிரி சுருங்கியிருந்தால் அது அழுகல், அந்த நாற்றைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மீதிக்குக் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூசண மருந்தை லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து வேர்ப்பகுதி நனைய ஊற்றுங்கள். தண்டு நன்றாக இருந்து வெறும் நீளம்தான் என்றால் காப்பாற்றலாம், தக்காளித் தண்டு மண்ணுக்குள் போன இடத்தில் வேர் விடும். வேறு தட்டில் வித்திலை (முளைத்ததும் முதலில் விரியும் இரண்டு இலை) வரைக்கும் புதைத்து மாற்றி நட்டு, இரண்டு நாள் நல்ல நிழலில் வைத்துவிட்டு வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். மொத்தமும் இப்படிச் செய்ய ஆள் கிடைக்காவிட்டால் திரும்ப விதைப்பதே மேல்.

பல்பு வேண்டாம் அண்ணா. குண்டு பல்பு நேர் கீழே இருக்கும் தட்டைக் காய வைத்துவிட்டு ஓரத்துத் தட்டைக் குளிரிலேயே விடும், எல்இடி பல்பில் சொல்லும்படி சூடே வராது. சாக்கும் பாலிதீனும் இருக்கும் இடத்தில் ஒயர் இழுப்பதும் ஆபத்து.

திரும்ப விதைத்தால் பருவம் தவறிவிடுமோ என்று நினைக்க வேண்டாம். பாலக்கோடு, காவேரிப்பட்டணம் மாதிரி கீழ்ப்பகுதியில் இருப்பவர்களுக்குத்தான் அந்த அவசரம். அங்கே பங்குனிக் கடைசியில் வெயில் ஏறி, ராத்திரியும் புழுக்கமாகிவிட்டால் பூ கொட்டும், காய் பிடிக்காது, அதனால் அவர்கள் தையிலேயே நாற்றை நட்டுவிட வேண்டும். உங்கள் ஊர் மேட்டில் இருக்கிறது, சித்திரையிலும் ராத்திரி ஓரளவு குளிர்கிறது. பத்துப் பதினைந்து நாள் தள்ளிப்போனால் உங்களுக்குப் பெரிய நஷ்டம் இல்லை. பாருக்குப் பார் நான்கு அடி, செடிக்குச் செடி இரண்டு அடி இடைவெளியில் அரை ஏக்கருக்கு ஏறக்குறைய 2,700 நாற்று வேண்டும், செத்தது போகட்டும் என்று 31 தட்டு விதையுங்கள். விதைத்த பதினெட்டாம் நாள் தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 நீரில் கரையும் உரம் லிட்டருக்கு 5 கிராம் தெளித்து, நடுவதற்கு நாலைந்து நாள் முன்பிருந்து தண்ணீரைக் குறைத்து நிழல்வலையை விலக்கினால் 25-லிருந்து 30 நாளுக்குள் நடவுக்கு வந்துவிடும்.

மிளகாய்த் தட்டுகளைக் கொட்டிவிடாதீர்கள். விதை அழுகியிருக்கிறதா என்று இரண்டு குழியைக் கிளறிப் பாருங்கள், கெட்டியாக இருந்தால் இன்றைக்கே அடுக்கிச் சுற்றி மாட்டுக் கொட்டகைக்கு மாற்றுங்கள், வர வாய்ப்பு இருக்கிறது. அமுக்கினால் கூழாகிவிட்டால் அது போனதுதான். மிளகாய் நாற்றுக்கு 35, 40 நாள் ஆகும், இனி விதைத்து மாசிக்குள் நட முடியாது. உங்களுக்கு வேண்டியது கொஞ்சம் நாற்றுதான் என்பதால், நுண்வலைக் குடிலில் வளர்க்கும் நாற்றுப்பண்ணை ஒன்றில் இப்போதே சொல்லி வைத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கும்போது இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்து, வெள்ளை ஈ இருந்தால் அந்தத் தட்டை எடுக்காதீர்கள்.