மாமா சொன்ன மெடிசின் படிப்பும் மகளின் எடைச் சீட்டு நோட்டும்

அண்ணே, போன வாரம் நீங்களும் அண்ணியும் வந்து கேட்டது ஒரே கேள்விதான். எஸ்பிஎம் பள்ளி இறுதித் தேர்வில் இவ்வளவு நல்ல புள்ளி எடுத்த பிள்ளை டாக்டருக்குப் போகாமல், வெளியுறவு ஆய்வு மையத்தில் வேலை பார்க்கணும், ஒருநாள் அதற்கே இயக்குநர் ஆகணும் என்கிறாளே, இது நடக்கிற கதையா? அண்ணி கண் கலங்கியதால் அன்றைக்குப் பதமாகப் பேசி அனுப்பிவிட்டேன். இப்போது எழுத்தில் நேராகவே சொல்கிறேன்: மகளை அவள் போக்கில் விடுங்கள், அவளை மருத்துவத்துக்கு அனுப்பச் சொல்லும் சிரம்பான் மாமாவின் பேச்சைக் கேட்பதை நிறுத்துங்கள்.

மாமாவின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அவர் சொன்ன தனியார் கல்லூரியில் மருத்துவம் என்றால் 3 லட்சம் வெள்ளியை (ரிங்கிட்) தாண்டிவிடும். அந்தக் கல்லூரிக்கு ஆள் சேர்க்கும் ஏஜெண்ட் நீட்டிய தாளில் கல்விக் கட்டணம் மட்டும்தான் இருந்தது. தங்குமிடம், சாப்பாடு, விமான டிக்கெட், புத்தகம் எதுவும் அதில் இல்லை. தொழிலாளர் சேமநிதியிலிருந்து (இபிஎஃப்) பிள்ளை படிப்புக்குப் பணம் எடுக்கலாம்தான், ஆனால் 2024 மே மாதம் கணக்கை மூன்றாகப் பிரித்த பிறகு படிப்புக்கென்று கை வைக்கக்கூடியது செஜாத்ரா என்ற பிரிவு, ஓய்வுக்காலக் கணக்கை இதற்காகத் தொட விடமாட்டார்கள். பாமாயில் மில்லுக்கு லாரி ஓட்டுகிற உங்களுடைய அந்தக் கணக்கில் எவ்வளவு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அப்புறம் மிச்சம் இருப்பது 3 ஏக்கர் செம்பனை. அதை விற்கக்கூடாது, அடமானமும் வைக்கக்கூடாது. இந்த ஒரு விஷயத்தில் நான் இறங்கி வரமாட்டேன்.

சரி, விற்றுப் படிக்க வைத்தாலும் என்ன கிடைக்கிறது? 2016 டிசம்பரிலிருந்து புதிதாக வரும் டாக்டர்களை அரசு ஒப்பந்த அடிப்படையில்தான் எடுத்தது. நிரந்தரம் கேட்டு 2021 ஜூலை 26 அன்று இளம் டாக்டர்கள் கறுப்பு உடையில் ஆஸ்பத்திரிகளுக்கு வெளியே வந்து நின்றதை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். மருத்துவம் மோசமான தொழில் என்று சொல்லவில்லை. அதில் ஆசை இருக்கிற பிள்ளை அந்த ஒப்பந்தத்தையும் இரவு டியூட்டியையும் தாங்கிக்கொள்ளும். உங்கள் மகளுக்கு அந்த ஆசை கிடையாது. கோயில் திருவிழாவில் "என் தங்கச்சி மகள் டாக்டர்" என்று சொல்லிக்கொள்ளும் ஆசை மாமாவுக்குத்தான் இருக்கிறது, அதற்கு உங்கள் நிலம் விலை.

வக்கீல், கணக்காளர், ஆசிரியர் பயிற்சி எல்லாம் உங்களுக்குத் தெரிந்த பாதை, அதை விடுங்கள். அவள் என்னிடம் காட்டிய நோட்டைப் பற்றிப் பேசுவோம். நீங்கள் மில்லில் குலை போட்டுவிட்டு வரும்போது கொடுக்கும் எடைச் சீட்டுகளைச் சில வருஷமாக ஒட்டி வைத்திருக்கிறாள். பக்கத்தில் பென்சிலால் குறிப்பு. 2022 ஏப்ரல் கடைசியில் "இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது" என்று எழுதி, எதிரே விலைக்கு ஒரு அம்புக்குறி. இன்னொரு பக்கத்தில் உர மூட்டை விலை, கீழே "ரஷ்யா, பெலாரஸ், பொட்டாஷ்" என்று அந்த உரம் வரும் நாடுகள். யாரும் சொல்லிக்கொடுத்து அவள் இதைச் செய்யவில்லை. ஆய்வு மையங்களில் சம்பளம் கொடுத்துச் செய்ய வைக்கிற வேலைக்கு ஆரம்பமே இதுதான், அண்ணே.

அந்த மையங்களில் என்னதான் நடக்கிறது என்று அண்ணி கேட்டார். ஒரு உதாரணம் சொல்கிறேன். 2019 செப்டம்பரில் ஐநா சபையில் அப்போதைய நம் பிரதமர் மகாதீர் காஷ்மீர் பற்றிப் பேசினார். உறவு கசந்தது, 2020 ஜனவரியில் இந்தியா சுத்திகரித்த பாமாயில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. நியூயார்க்கில் பேசிய பேச்சு செம்பனைத் தோட்டக்காரர்களை நேராக வந்து தொட்டது. இப்படி ஒன்று நடக்கும்போது அமைச்சருக்கு இரண்டு பக்கக் குறிப்பு வேண்டும்: இந்தியா ஏன் இப்படிச் செய்கிறது, எவ்வளவு தூரம் போகும், நம் முன்னால் என்னென்ன வழிகள் இருக்கின்றன, எதில் எவ்வளவு நஷ்டம். அதை எழுதுகிறவர்கள் இந்த ஆட்கள். 2023-ல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த காடழிப்புச் சட்டமும் அப்படித்தான். எண்ணெய் எந்தத் துண்டு நிலத்தில் விளைந்தது என்ற இட விவரம் வரை கேட்கிற சட்டம் அது. சிறுதோட்டக்காரர்களுக்காக யார் போய் வாதாடுவது, எந்தக் கணக்கோடு போவது? தோட்டத்தில் வளர்ந்த பிள்ளை அந்த மேசையில் உட்கார்ந்தால் தெரியாத விஷயத்தைப் பேசாது.

இப்படிப்பட்ட மையங்களில் கோலாலம்பூரில் 1983-ல் தொடங்கிய ஐசிஸ் மலேசியா இருக்கிறது (பெயரைக் கேட்டு மாமா பதற வேண்டாம், அந்தத் தீவிரவாதக் கும்பலுக்கு வெகு முன்பே வைத்த பெயர்). 1993-ல் வந்த மீமா கடல் விவகாரங்களைப் பார்க்கிறது. அக்கரையில் சிங்கப்பூரில் 1968-லிருந்து ஈசியாஸ், ஜகார்த்தாவில் 1971-லிருந்து சிஎஸ்ஐஎஸ். அரசாங்கங்கள் வெளிப்படையாகப் பேச முடியாததை இவர்கள் முதலில் மூடிய அறையில் பேசிப் பார்ப்பார்கள். யார் என்ன சொன்னார் என்பது வெளியே போகக்கூடாது என்பது அங்கே விதி, அதனால்தான் ஆட்கள் மனம் விட்டுப் பேசுகிறார்கள். தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான் 1994-ல் தொடங்கிய பாதுகாப்புப் பேச்சு மேடையான ஆசியான் வட்டார மன்றம் இப்படி இந்த மையங்கள் கூடிப் பேசி முன்வைத்த யோசனைகளிலிருந்தும்தான் வளர்ந்தது.

இயக்குநர் நாற்காலிக்கு எந்தக் கோர்ஸ் என்று கேட்டீர்கள். அப்படி ஒரு கோர்ஸ் இல்லை. ஐசிஸை முதலில் நடத்திய நூர்டின் சோப்பி பத்திரிகை ஆசிரியராக இருந்தவர். பின்னால் வந்த மஹானி ஜைனால் அபிடின் பொருளாதாரப் பேராசிரியர். ரஸ்தாம் முகமட் ஈசா வெளியுறவு அமைச்சில் உயர் பதவி வகித்த தூதர். எழுத்து, கணக்கு, வெளியுறவு அனுபவம், இதில் ஒன்றில் ஆழமாகப் போனவர்களைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். போய் உட்கார்ந்த பிறகு பாதி வேலை பணம் திரட்டுவது. ஒரு தூதரகம் ஆய்வுக்குக் காசு கொடுத்து, முடிவு இப்படி வரவேண்டும் என்று சாடையாகச் சொன்னால் அதை மரியாதையாகத் திருப்பி அனுப்பத் தெரியவேண்டும். அடுத்த வருஷச் சம்பளத்துக்கு வழி தெரியாத நேரத்திலும் அனுப்பத் தெரியவேண்டும்.

நம் ஆட்களுக்கு இதெல்லாம் எட்டாது என்று மாமா சொன்னாராம். சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்து, மாமா இருக்கிற அதே சிரம்பானில் வளர்ந்தவர், அப்பா ரப்பர் தோட்டத்தில் மேற்பார்வையாளர். லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போய், போர் வந்ததால் முடிக்காமல், பத்திரிகையில் எழுதிப் பிழைத்தவர். 1967-ல் பேங்காக்கில் ஆசியான் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்ட ஐந்து பேரில் ஒருவர். சிங்கப்பூரின் அனைத்துலக ஆய்வுப் பள்ளி இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது.

வழி இதுதான். பகாவ் ஊரிலோ பக்கத்திலோ அரசுப் பள்ளியில் ஆறாம் படிவம் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு), பொருளாதாரமும் வரலாறும் கட்டாயம், தமிழையும் பாடமாக எடுக்கட்டும். சென்னை, யாழ்ப்பாணப் பத்திரிகைகளை நேராகப் படிக்கத் தெரிந்த ஆய்வாளர் கோலாலம்பூரில் சும்மா கிடைக்கமாட்டார். பிறகு அரசுப் பல்கலைக்கழகத்தில் அனைத்துலக உறவு: மலாயா பல்கலைக்கழகம், யுகேஎம், சிந்தோக்கில் யூயூஎம், சபாவில் யூஎம்எஸ். மாமா சொன்ன கல்லூரியின் ஒரு பருவக் கட்டணத்தில் இங்கே மூன்று வருஷக் கட்டணத்தையும் கட்டி முடித்துவிடலாம். ஒரு பொருளைப் பிடித்து அதிலேயே ஊறவேண்டும், அவளுக்குச் செம்பனை வர்த்தகமே போதும். விடுமுறையில் பயிற்சிக்கு எழுதிப் போடட்டும், பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்பட்டும். முதுகலை இல்லாமல் இந்தத் துறையில் மேலே ஏறுவது கஷ்டம், ஆனால் அதற்கு நீங்கள் ஒரு காசு செலவழிக்கக்கூடாது. இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு பிரிட்டிஷ் அரசு கொடுக்கும் செவனிங் மாதிரி முழு உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பிக்கட்டும்.

கசப்பையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பச் சம்பளம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்காது, இயக்குநர் நாற்காலிகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை, அவள் அதில் உட்காருவாள் என்று நான் சத்தியம் செய்யவில்லை. நாற்காலி கிடைக்காவிட்டாலும் இந்தத் திறமைக்கு வங்கி, தோட்டக் கம்பெனி, வெளிநாட்டுத் தூதரகம், பத்திரிகை என்று கேட்கிற இடங்கள் உண்டு. தலையில் கடன் இல்லாமல் அங்கே போய் நிற்பாள்.

ஏஜெண்ட் கேட்ட முன்பணத்தைக் கட்டாதீர்கள். கட்டிவிட்டிருந்தால் ரசீதை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை வாருங்கள், திரும்ப வாங்க வழி இருக்கிறதா பார்ப்போம். மாமாவும் வரட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் மகள் கட்டாயம் வரவேண்டும், அவள் இல்லாமல் இதைப் பற்றி நான் பேசப்போவதில்லை.